அமாவாசை நடை

எங்கள் ஐயம்பேட்டையில் அந்தக் காலத்தில் யாரும் 'வாக்கிங்' போனதில்லை. விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு சும்மா நடந்தால், "என்னா, தறியை வித்துட்டியா?" என்று ஏதாவதொரு திண்ணையிலிருந்து குரல் வரும். நடப்பதற்குக் காரியம் ஒன்று வேண்டும். வாலாஜாபாத்தில் சாமான் வாங்குவது, களியனூரில் பெண் பார்க்கிற விஷயம், வையாவூரில் ஒரு சாவு, காஞ்சிபுரத்தில் புடவையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவது என்று எதையாவது சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் நடந்தார்கள். அந்தக் காரியங்களில் முக்கால்வாசி எனக்கு மறந்துவிட்டது. போன வழி மட்டும் வளைவு வளைவாக ஞாபகம் இருக்கிறது.

இப்போது பிழைப்பு இங்கிலாந்தில். டெர்பிஷயர் மலைகளின் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். சனி, ஞாயிறு வந்தால் இங்கே ஊரே நடக்கிறது. பூட்ஸ், மழைக்கோட்டு, முதுகில் ஒரு பை, கையில் வரைபடம். ஆட்டுமந்தைக்கு நடுவே, யார் யாருடைய நிலத்திலோ, காரியமே இல்லாமல் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு டீ குடிக்கிறார்கள். நானும் நடக்கிறேன். நல்ல ஊர், நல்ல காற்று, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கால் இங்கே போகப் போக, மனசு பாலாற்றங்கரைக்குப் போய்விடுகிறது.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு நடையின் அருமை கொஞ்சம் கூடவே தெரியும். காஞ்சிப் பட்டு குழித்தறியில் நெய்வது. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கால் மிதிக்கட்டையில், கை நாடாவில். கோர்வைப் புடவை என்றால் இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், மாதமும் ஆகும். அத்தனை நாளும் அப்பாவுக்கு உலகம் என்பது அந்தக் குழியும், தலைக்கு மேல் தொங்கும் ஜக்கார்டு பெட்டியும்தான். காலையிலிருந்து இருட்டும் வரை அவர் கால் ஓயாது. ஓர் அடி நகர்ந்திருக்கவும் மாட்டார்.

அமாவாசை அன்று குழியில் இறங்க மாட்டார்கள். மாதம் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்துபோன தறிச் சத்தம் அன்றைக்கு நின்றுவிடும். படையல் முடிந்து, காக்கைக்குச் சோறு வைத்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டானதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அது கிளம்புவதற்கு அடையாளம். ஆயா எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றிருப்பாள். "தறியில குந்திக் குந்தி உங்கப்பனுக்குக் காலு இருக்கிறதே மறந்து போச்சுடி. இன்னிக்காச்சும் நடக்கட்டும்" என்பாள்.

மற்ற நாட்களில் தெரு பாவுக்குச் சொந்தம். பொழுது விடியும்போதே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டுப் பாவை நீட்டிக் கட்டியிருப்பார்கள். கஞ்சித் தண்ணீர் தெளித்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிவார்கள். அந்த விரல்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்தது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒரு திருகு, இழை ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துச் சுருட்டிவிட வேண்டும். அதுவரைக்கும் சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். மாடு ஓட்டி வருகிறவர் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். தெரு பொதுதான் என்றாலும், பாவு சுருட்டும் வரை அதில் பாவுக்காரருக்குத்தான் முதல் உரிமை. எங்கேயும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நாங்கள் நடந்தபோது, நிலத்துக்காரர்கள் எங்களிடம் காட்டியதும் அதே மரியாதைதான் என்று இப்போது தோன்றுகிறது.

வழக்கமாகப் போவது தெற்கே. வில்லிவலம் பக்கமாக இறங்கினால் பாலாறு. சாலையை விட்டு விலகியதும் வண்டிப் பாதை. கொஞ்ச தூரத்தில் அது ஒற்றையடிப் பாதையாக மெலிந்து, வாய்க்கால் கரையில் ஏறி, நெல் வயல்களுக்கு நடுவே புகுந்து, பனைகளைத் தாண்டி மணலில் கொண்டுபோய் விடும். எதிரே கட்டுப் புல்லோடு யாராவது வந்தால் வரப்பில் ஒதுங்கி வழி விட வேண்டும். ஒதுங்கிய காலுக்குச் சேறு, விட்ட வழிக்கு ஒரு விசாரிப்பு. "ஆத்துக்கா? பாத்துப் போங்க, பசங்க பத்திரம்." அப்பாவின் பேரும் அவர் எந்த முதலாளிக்கு நெய்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாலாறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம். ஆந்திரத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வந்து, எங்களைத் தாண்டி, வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. 348 கிலோமீட்டர். எங்கள் கண்ணுக்கு அது பெரும்பாலும் மணல்தான். வெள்ளம் வருவது எப்போதோ ஒரு தரம். ஆனால் தண்ணீர் இல்லாத ஆறு என்று யாராவது சொன்னால் ஆயாவுக்குக் கோபம் வரும். மணலில் குந்தி, இரண்டு கையாலும் பறிப்பாள். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். இன்னும் கொஞ்சம் பறித்தால் ஊற ஆரம்பிக்கும். முதலில் ஊறியதைச் செம்பில் மொண்டு தள்ளி ஊற்றுவாள். இரண்டாவதையும் ஊற்றிவிடுவாள். "அவசரப்படாதே, அது வாய் கொப்புளிக்குது" என்பாள். மூன்றாம் தரம் ஊறுகிற தண்ணீரில் அடியில் கிடக்கும் மணலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதைத்தான் குடிக்கத் தருவாள். அதன் ருசியைச் சொல்லத் தெரியவில்லை. மணலின் குளிர்ச்சி பல்லில் ஏறும்.

அந்த மணலுக்குள் ஓடிய தண்ணீரை நம்பித்தான் கரையோரத்து ஊர்களில் ஊற்றுக்கால்வாய்கள் இருந்தன. ஆற்று மணலில் கால் எடுத்து, ஊறுகிற நீரை அப்படியே வயலுக்கு இட்டுப் போவார்கள். ஆற்றில் வெள்ளம் இல்லாவிட்டாலும் வயலில் நெல் நிற்கும். பிறகு லாரிகள் வந்தன. மணல் போகப் போக ஊற்று இறங்கியது. ஊற்று இறங்கியதும் கால்வாய்கள் காய்ந்தன. கால்வாய் காய்ந்தால் கரையைச் சீர் பண்ண ஆள் வர மாட்டார்கள். ஆள் வராத கரையில் சீமைக்கருவேலம் ஏறிவிடும். ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை காணாமல் போனதன் கதை இவ்வளவுதான். யாரும் அதை அடைக்கவில்லை. நடப்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. வாலாஜாபாத் அவளூர் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிற வீடியோவை ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். இங்கே குளிரில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாங்கள் ஊற்றுப் பறித்த இடத்தின் மேலேயும் தண்ணீர் போயிருக்கும். ஆயா இருந்திருந்தால், "அதான் சொன்னேனே" என்று சொல்லியிருப்பாள்.

வடக்கே போனால் தென்னேரி. ஏரிகளுக்குப் பேர்போன எங்கள் பக்கத்திலேயே அது பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜாபாத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் அடிக்கடி வாய்க்காது. கரையில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் கண் எட்டும் வரை தண்ணீர், மறு பக்கம் அதே தண்ணீரில் விளைந்த பச்சை. நத்தைகுத்தி நாரைகள் ஓரச் சேற்றில் நிற்கும். அப்பாவுக்குப் பறவைப் பேரெல்லாம் தெரியாது. ஆனால் நிறம் தெரியும். நாமக்கோழியின் கறுப்பைக் காட்டி, "இந்தக் கறுப்பை சாயப்பட்டறையில கேட்டா தரமாட்டான்" என்றார் ஒருமுறை. கலங்கல் வரை நடந்து, தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். எங்களுக்கு அந்த ஏரியின் ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இருந்தாலும் பார்த்து வர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய நடை மாட்டுப் பொங்கல் நடை. அன்றைக்கு நடப்பது நாங்கள் மட்டும் இல்லை, காஞ்சி வரதராஜப் பெருமாளும். பழைய சீவரம் பார்வேட்டை என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொங்கல் இரவு அத்திகிரியை விட்டுக் கிளம்புகிற பெருமாள், வழியில் ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் போகிறார். அங்கே மலைமேல் மண்டபத்தில் இளைப்பாறிவிட்டு, சீவரத்து லட்சுமி நரசிம்மரையும் கூட்டிக்கொண்டு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் சேர்வார்.

எங்கள் தெருவில் அன்று யாரும் தூங்க மாட்டார்கள். முன்பனிக் குளிரில் வாசலெல்லாம் நீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். தூரத்தில் தீவட்டி வெளிச்சம் தெரிந்ததும் நாகஸ்வரம் கேட்கும். பெருமாளைத் தாங்கி வருகிறவர்களின் கால்களைத்தான் நான் பார்ப்பேன். எட்டு வைக்கிறதில் ஒரு தாளம் இருக்கும். எல்லாக் கால்களும் சேர்ந்து எழும், சேர்ந்து விழும். தூக்கி வருகிறவர்களின் மூச்சு பனியில் புகையாகத் தெரியும். தீபாராதனை ஆனதும் பாதி ஊர் பெருமாளின் பின்னாலேயே கிளம்பிவிடும். நாங்களும்தான். கட்டுச்சோறு, தண்ணீர், தோளில் தம்பி.

சீவரம் மலை அப்படியொன்றும் பெரிய மலை இல்லை. ஆனால் மாதம் முழுக்கக் குழிக்குள் இருந்தவருக்கு அது இமயமலை. படியேறி மேலே நின்றால் பாலாற்றின் அகலம் முழுசாகத் தெரியும். செங்கல்பட்டு அரக்கோணம் ரயில் கீழே ஊர்ந்து போகும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால் எதிர்க்கரைக்குத் திருமுக்கூடல் என்று பேர். பாலம் வருவதற்கு முன்பு மணலில் இறங்கித்தான் அக்கரை போக வேண்டும். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், காஞ்சி வரதர், சீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் சீனிவாசர் எல்லோரும் வந்து சேர்ந்து ஐந்து பெருமாளாகக் காட்சி கொடுப்பார்கள். நாலு திசையிலிருந்தும் சாமிகள் கிளம்பி வந்து ஆற்றங்கரையில் கூடுகிற நாள் அது. ஜனங்களும் அப்படித்தான் வருவார்கள். கட்டிக் கொடுத்த அத்தையை, அக்கரையில் நிலம் வைத்திருக்கும் மாமாவை, வருஷத்துக்கொரு தரம் அங்கே பார்க்கலாம்.

அந்தக் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 950 வருஷத்துக்கு முந்தையது. கோயிலோடு சேர்ந்து வேதம் படிக்க ஒரு பள்ளியும், 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலையும் நடந்த விவரத்தை அது சொல்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு என்று கூலிக் கணக்கும், இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு. பிள்ளையாக இருந்தபோது அந்தச் சுவரில் சாய்ந்து புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது முதலில் தோன்றியது, அந்த 15 பேரும் எப்படி வந்திருப்பார்கள் என்பதுதான். அவர்களும் இதே மணலில்தான் நடந்தோ, கட்டிலில் தூக்கிக்கொண்டு வரப்பட்டோ வந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த வழியில் நடக்க மாட்டீர்கள். காஞ்சிபுரம் செங்கல்பட்டு சாலையை நான்கு வழியாக்கிவிட்டார்கள். நிழல் கொடுத்த மரங்கள் பல போய்விட்டன. குவாரி லாரிகள் இரவு பகல் பார்க்காமல் திருமுக்கூடல் பாலத்தில் போகின்றன. தறிச் சத்தமும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானே விமானம் ஏறியவள். குழியில் உட்கார்ந்து முதுகு வளைந்த அப்பா, "என்னோட போகட்டும்" என்றுதான் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் தறியை விட்டபோது, தறி ஓடாத நாளையும் சேர்த்து விட்டுவிட்டோம்.

நான் இருக்கும் இந்தப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. பணக்காரர்கள் பறவை சுடுவதற்காகப் பூட்டி வைத்திருந்த இடம். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலை, பட்டறைத் தொழிலாளர்கள் சில நூறு பேர் ஹேஃபீல்ட் என்ற ஊரிலிருந்து கிளம்பி, தடுத்தவர்களை மீறி அதன் மேல் ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். எந்த மான்செஸ்டர் துணி நம் நெசவாளர் வயிற்றில் அடித்ததோ, அந்த மான்செஸ்டரின் தொழிலாளர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் இயந்திரத்தை விட்டு நடக்க வேண்டியிருந்தது. அப்பாவின் அமாவாசையும் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பசிதான். 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு வட்டாரத்திலும் பொதுமக்கள் நடக்கும் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறித்து வைக்கச் சொன்னது. இன்றைக்கு இங்கே வயலுக்குக் குறுக்கே போகிற பாதையை உழுதுவிட்டால்கூட, 14 நாளுக்குள் நிலத்துக்காரர் அதைத் திரும்பத் தெரிகிற மாதிரி செய்து தர வேண்டும். பாதை வேலியைத் தாண்டுகிற இடத்தில் மரப்படியோ கதவோ இருக்கும். மஞ்சள் அம்புக்குறி வழி காட்டும்.

சட்டம் வருவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் பாதிரியாரோடு ஊரே கிளம்பி, ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கற்களைக் குச்சியால் தட்டிவிட்டு வருவார்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போவார்கள், அடுத்த தலைமுறைக்கு எல்லை தெரிய வேண்டும் என்பதற்காக. இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு நம் பார்வேட்டைதான் நினைவுக்கு வந்தது. வரதர் போகிற வழியை யாராவது அடைக்க முடியுமா? சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், எத்தனை லாரி ஓடினாலும், மாட்டுப் பொங்கல் அன்று போலீஸே நின்று வழி விட்டாக வேண்டும். நூற்றாண்டுகளாக அந்த வழி தானாகப் பிழைத்திருக்கவில்லை. வருஷம் தவறாமல் கால்கள் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகின்றன. எங்கள் வில்லிவலம் பாதைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் அது போனது.

அதுவும் முழுசாகப் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். நம் ஊர்களிலும் காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் புலப்படங்களில் வண்டிப் பாதையைப் புள்ளிக்கோட்டில் போட்டிருப்பார்கள். பாட்டை, வாய்க்கால், ஏரி என்று புறம்போக்கு நிலங்களெல்லாம் பதிவேட்டில் தனித்தனி எண்ணோடு இருக்கும். சர்வே பண்ணியவர்கள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரப்பாக நடந்து எழுதி வைத்த கணக்கு அது. போன மாதம் அண்ணனிடம் போனில் சொன்னேன், வில்லிவலம் பக்கம் போகிற பாதையின் புலப்படத்தை எடுத்துப் பார் என்று.

"எந்தப் பாதை? அங்கல்லாம் பிளாட் கல்லு நட்டு கலர் கொடி கட்டியாச்சு பாப்பா."

"பிளாட்டு நடுவுல பாதை இருக்கும் இல்ல? அதை அவங்க விக்க முடியாது."

"இருந்தா என்னா பண்ணப் போற?"

நடக்கப் போகிறேன். வேறு பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வழக்கு வேண்டாம், சங்கம் வேண்டாம். இந்தத் தை மாதம் லீவு போட்டு வருகிறேன். மாட்டுப் பொங்கலுக்குப் பெருமாள் பின்னால் சீவரம் வரை. அடுத்து வருகிற அமாவாசைக்கு, புலப்படத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் வருகிறேன் என்பவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, ஆற்றுக்கு. முள்ளை வெட்ட ஒரு கொடுவாள், குடிக்கத் தண்ணீர், பிள்ளைகளுக்கு முறுக்கு. வருஷம் ஒரு தரம் பத்துப் பேர் நடந்தாலே ஒரு பாதைக்குப் போதும்.

அண்ணன் சிரித்தான். தறியே இல்லாத பிள்ளைகளுக்கு அமாவாசை எங்கே லீவு என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒரகடத்துக் கம்பெனிக்கு அமாவாசை தெரியாது, ஞாயிற்றுக்கிழமை தெரியும். ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும்.